பணம் வாஷிங்டனுடையது, கையெழுத்து மாநிலத்தினுடையது

அமெரிக்காவில் பள்ளிக்கூடம் நடத்துவது உள்ளூர்க்காரர்கள் வேலை. ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியமும் அது நியமிக்கும் கண்காணிப்பாளரும் வைத்ததுதான் அங்கே சட்டம். செலவுக்கான பணத்தில் பெரும்பங்கு உள்ளூர் சொத்துவரியிலிருந்தும் மாநிலக் கஜானாவிலிருந்தும் வருகிறது. மத்திய அரசின் பங்கு சாதாரண ஆண்டுகளில் நூற்றுக்கு எட்டோ பத்தோ டாலர்தான். ஆனால் அந்த எட்டு டாலரோடு வந்து சேரும் காகிதம், மீதித் தொண்ணூற்றிரண்டு டாலரோடு வருவதில்லை. அதைப் பார்ப்பதற்கென்றே ஒவ்வொரு மாநிலக் கல்வித்துறையிலும் ஒரு மானியப் பிரிவு இருக்கிறது. ஊரில் யாருக்கும் தெரியாத அலுவலகம் அது. பள்ளிக் கணக்கர்களுக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

அப்படி ஒரு பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் இவர். பெயர் வேண்டாம், மாநிலத்தின் பெயரும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மதுரைப் பக்கம் பிறந்து, பி.காம். முடித்து, கல்யாணமாகி அமெரிக்கா போனவர். அங்கே கணக்காளர்களுக்கான சி.பி.ஏ. தேர்வு எழுதி, மத்திய மேற்கு மாநிலம் ஒன்றின் கல்வித்துறையில் சேர்ந்தார். 2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் ‘நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்’ என்ற கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு, மாநிலங்கள் எல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த சமயம். சேர்ந்த புதிதில் மேலதிகாரி சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான் என்கிறார்: “பணத்தை நாம் தருவதும் இல்லை, செலவழிப்பதும் இல்லை. தப்பு நடந்தால் திருப்பிக் கட்டுவது மட்டும்தான் நம் வேலை.”

கேட்பதற்கு வேடிக்கைதான். ஆனால் அந்தத் தொழிலே இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது.

1965 ஏப்ரல் 11 அன்று, டெக்சஸில் தான் சிறுவயதில் படித்த சின்னப் பள்ளிக்கூடத்தின் முன்னால், தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார் அதிபர் லிண்டன் ஜான்சன். இளைஞனாக இருந்தபோது கொட்டுலா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் அவர். பசியோடு வகுப்புக்கு வந்த அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பின்னாளில் அடிக்கடி பேசியிருக்கிறார். சட்டத்தின் முதல் பிரிவு, அதாவது ‘டைட்டில் ஒன்’, ஏழைப் பிள்ளைகள் அதிகம் இருக்கும் பள்ளி மாவட்டங்களுக்கு, அதாவது ஒரு பள்ளி வாரியத்தின் கீழ் வரும் பகுதிகளுக்கு, பணம் தருவதற்கு. ஆரம்ப ஆண்டுகளில் அதற்கு ஏறத்தாழ 100 கோடி டாலர். 2024ஆம் நிதியாண்டில் 1,840 கோடி டாலர்.

முதல் பிரிவைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். ஐந்தாம் பிரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது இவருடைய குறை. அந்தக் காலத்தில் பல மாநிலங்களின் கல்வித்துறை என்பது ஆசிரியர் சான்றிதழ் கொடுப்பதும் புள்ளிவிவரம் சேர்ப்பதுமாக ஒடுங்கிக் கிடந்த சின்ன அலுவலகம். இத்தனை கோடியைப் பிரித்துக் கொடுத்துக் கணக்குக் கேட்க அதற்குத் திராணி இல்லை என்பது வாஷிங்டனுக்குத் தெரியும். எனவே மாநிலக் கல்வித்துறைகளைத் தூக்கி நிறுத்துவதற்கே ஐந்தாம் பிரிவில் தனியாகப் பணம் ஒதுக்கினார்கள். இன்றுவரை மாநில அலுவலகங்களில் கணிசமான பேருடைய சம்பளம் மத்திய மானியத்தின் நிர்வாகப் பங்கிலிருந்துதான் வருகிறது. இவருடைய சம்பளமும் அப்படித்தான் வந்தது. சம்பளச் சீட்டில் மாநில முத்திரை, பணம் மட்டும் வாஷிங்டனிலிருந்து. வீட்டில் இதை விளக்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டதாம்.

அந்த நிர்வாகப் பங்குக்கும் பூட்டு உண்டு. டைட்டில் ஒன்னில் மாநிலம் தனக்கென்று எடுத்துக்கொள்ளக்கூடியது ஒரு சதவீதம். அதுவும் நாடு முழுவதற்குமான ஒதுக்கீடு 1,400 கோடி டாலர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்ட ஒரு சதவீதம்தான். ஒதுக்கீடு அதைத் தாண்டிப் போனாலும் நிர்வாகத்துக்கு ஒரு காசு கூடாது. மேற்பார்வை பார்க்க வேண்டிய பணம் பெருகிக்கொண்டே போக, பார்க்கிற ஆட்கள் அப்படியே நின்றதற்கு இதுதான் காரணம்.

சரி, பணம் எப்படி இறங்குகிறது? மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் 5 முதல் 17 வயது வரை எத்தனை ஏழைப் பிள்ளைகள் என்று ஒரு மதிப்பீடு போடுகிறது. அதை வைத்து வாஷிங்டன் நான்கு விதமான சூத்திரங்களைப் போட்டு, மாவட்டம் மாவட்டமாகத் தொகை எழுதி மாநிலத்துக்கு அனுப்புகிறது. அதை அப்படியே பிரித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். நடப்பது வேறு. மதிப்பீட்டில் சார்ட்டர் பள்ளிகள், அதாவது அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளிகள், இருக்காது, ஏனென்றால் அவற்றுக்கு எல்லையே இல்லை. பல மாவட்டத்துப் பிள்ளைகள் அங்கே போவார்கள். அந்தப் பிள்ளைகளைக் கணக்கிட்டு, அவர்கள் எந்தெந்த மாவட்டத்திலிருந்து வந்தார்களோ அங்கிருந்து பணத்தைக் கழித்து மாற்ற வேண்டும். இரண்டு மாவட்டங்கள் ஒன்றாகியிருக்கும், அதைச் சேர்க்க வேண்டும். பின்தங்கிய பள்ளிகளை மேம்படுத்த ஏழு சதவீதத்தை எடுத்து வைக்க வேண்டும். எந்த மாவட்டத்துக்கும் தொகை போன ஆண்டைவிட ஒரேயடியாகச் சரியாமல், அதன் வறுமை விகிதத்துக்கு ஏற்ப 85, 90 அல்லது 95 சதவீதமாவது கிடைக்கும்படி தாங்க வேண்டும். ஒன்றைத் தாங்கினால் மற்றொன்று இறங்கும். மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

எல்லாம் முடிந்து பட்டியல் வெளியானதும் போன் வரும். “வாஷிங்டன் பட்டியலில் எங்களுக்கு அதிகம் போட்டிருக்கிறதே, மிச்சத்தை நீங்கள் வைத்துக்கொண்டீர்களா?” என்று கேட்காத கண்காணிப்பாளர் கிடையாதாம். இன்னொன்று, மதிப்பீடு இரண்டு ஆண்டு பழையது. இந்த ஆண்டு ஆலை மூடி ஊரே வேலையிழந்து நின்றாலும், அந்தப் பிள்ளைகளின் வறுமை கணக்கில் ஏறுவதற்கு இரண்டு ஆண்டு ஆகும். அதற்குள் பாதிக் குடும்பங்கள் ஊரைக் காலி செய்துவிடும். பணம் வரும்போது பிள்ளை இருக்காது.

மறுபடி 1960களுக்கு. சட்டம் வந்து நான்கே ஆண்டில், 1969இல், ரூபி மார்ட்டின், ஃபிலிஸ் மெக்ளூர் என்ற இருவர் ஓர் அறிக்கை கொண்டுவந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு என்று போன பணம் எங்கே போனது என்று தணிக்கைக் குறிப்புகளைத் தோண்டி எடுத்த அறிக்கை. லூசியானாவில் அந்தப் பணத்தில் நீச்சல்குளம் கட்டியிருந்தார்கள். பல மாவட்டங்களில் அது பொதுச் செலவில் கரைந்திருந்தது. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு மத்திய அரசுப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அங்கே வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த உள்ளூர்ப் பணத்தை உருவி வசதியான பகுதிப் பள்ளிக்குக் கொடுத்தவர்களும் உண்டு. அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள். மத்திய மானியம், ஏற்கெனவே கொடுத்துவந்ததற்கு மேல் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும், அதற்குப் பதிலாக இருக்கக் கூடாது. இந்த விதி புகுந்த நாளில்தான் மானியப் பிரிவு தணிக்கை அலுவலகமாக மாறியது.

அந்த விதி கென்டக்கி மாநிலத்தை எப்படிக் கடித்தது என்பதை, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1974 நிதியாண்டில் அங்கே சில பள்ளிகளில், படிப்பில் பின்தங்கிய ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனி ஆயத்த வகுப்பு நடத்தினார்கள். சிறிய வகுப்பு, தனி ஆசிரியர், செலவு டைட்டில் ஒன். பிள்ளைகள் வழக்கமான வகுப்புக்குப் போகாமல் இதிலேயே உட்கார்ந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், யாரும் பணத்தைப் பையில் போடவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு மாநிலம் தந்திருக்க வேண்டிய வகுப்புக்குப் பதிலாக மத்தியப் பணம் உட்கார்ந்துவிட்டது என்றார்கள் தணிக்கையாளர்கள். உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985இல் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் எழுதிய தீர்ப்பில், மாநிலம் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பது பணத்தைத் திருப்பிக் கட்டாமல் இருக்கக் காரணம் ஆகாது என்று வந்தது. மூன்று லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. அதே நாளில் நியூ ஜெர்சிக்கும் தீர்ப்பு, அங்கே பத்து லட்சம் டாலருக்கு மேல். திட்டங்களுக்கு அனுமதி கொடுத்தது மாநிலம், ஆகவே கட்ட வேண்டியதும் மாநிலம். மேலதிகாரி சொன்ன பாடத்தின் மூலம் இதுதான்.

பயம் மேலிருந்து கீழே இறங்கும்போது பெரிதாகிக்கொண்டே போகும். நீதிமன்றம் ஒரு பக்கத்தில் சொன்னதை வாஷிங்டன் வழிகாட்டியாகப் போடும். மாநிலம் அதற்கு ஒரு படிவம் போடும். மாவட்டம் அந்தப் படிவத்துக்கு ஒரு ஃபைல் போடும். கடைசியில் வகுப்பறையில் என்ன நடந்தது என்றால், உதவி ஆசிரியை டைட்டில் ஒன் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, அடுத்த நாற்காலியில் இருக்கும் பிள்ளை சந்தேகம் கேட்டால் பதில் சொல்லத் தயங்கினார். அந்தப் பிள்ளையின் பெயர் பட்டியலில் இல்லை. பென்சிலில்கூட மானியத்தின் பெயரை எழுதி வைத்த காலம் அது என்று மூத்த சக ஊழியர்கள் இவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஏழைப் பிள்ளைகள் மிகுதியாக உள்ள பள்ளியில் பணத்தைப் பள்ளி முழுவதற்கும் செலவு செய்யலாம் என்ற தளர்வு 1978இல் வந்தபோது, 75 சதவீதம் பேர் ஏழைகளாக இருக்க வேண்டும் என்றார்கள். படிப்படியாகக் குறைத்து 2002 சட்டத்தில் 40 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். நியாயமான சீர்திருத்தம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இவர் இதைத்தான் சொல்வார்.

மாவட்டங்களுக்கு நேரில் போய்ச் சோதிப்பதை அங்கே கண்காணிப்பு வருகை என்பார்கள். பெரிய நகர மாவட்டத்துக்குப் போனால் கவலை இல்லை. மானியத்துக்கென்றே ஓர் இயக்குநர், அவருக்குக் கீழே கணக்கர்கள், சட்ட ஆலோசகர், வண்ண வண்ண ஃபைல்கள். கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டுவார்கள். சோளக்காட்டுக்கு நடுவில் முன்னூறு பிள்ளைகள் படிக்கும் மாவட்டம்தான் மனதில் நிற்கிறது. கண்காணிப்பாளரே பள்ளித் தலைமையாசிரியர். டிரைவர் வராத நாளில் அவரே பஸ் ஓட்டுவார். கணக்கர் அம்மாள் சம்பளப் பட்டியல் போடுவார், உணவுக்கூடத்துக்கு ஆர்டர் கொடுப்பார், மானிய விண்ணப்பத்தையும் அவரே எழுதுவார். அவருடைய மேசையில் ஒரு கட்டுக் காகிதம். ஒவ்வோர் ஆசிரியரும் மாதா மாதம் எத்தனை மணி நேரம் எந்த மானியத்துக்காக வேலை செய்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள்கள், ஆண்டுக்கணக்கில்.

“இதில் முக்கால்வாசி இனித் தேவையில்லை. 2014லேயே விதியைத் தளர்த்திவிட்டார்கள். உங்கள் வழக்கமான சம்பளப் பதிவேடு ஒழுங்காக இருந்தால் போதும்” என்று இவர் சொன்னார்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “அதை எழுத்தில் தருவீர்களா?”

தர முடியாது. அடுத்த ஆண்டு வரும் தணிக்கையாளர் இவருக்குக் கீழே வேலை செய்பவர் கிடையாது. மத்திய மானியங்களில் ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவழிக்கும் எவரும் தனித் தணிக்கை செய்ய வேண்டும். நெடுங்காலம் 7,50,000 டாலராக இருந்த அந்த வரம்பு, 2024 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளுக்குப் பத்து லட்சம் ஆனது. அந்தத் தணிக்கையாளர் பழைய படிவத்தைத் தேடினால், இல்லையென்று சொல்ல எந்தக் கணக்கருக்குத் தைரியம் வரும்? 2015இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டமும் ‘கூடுதலாகத்தான்’ என்ற விதியை எளிதாக்கியது. ஒவ்வொரு செலவும் கூடுதல் செலவா என்று நிரூபிக்க வேண்டாம், உள்ளூர்ப் பணத்தை எல்லாப் பள்ளிக்கும் பாரபட்சம் இல்லாமல் பிரிக்கிற முறை ஒன்று இருந்தால் போதும் என்றது. இருந்தும் பழைய வழக்கத்தை விடாத மாவட்டங்கள் ஏராளம். சட்டப் புத்தகத்தில் விதியை எடுத்துவிடலாம், பயத்தை எடுப்பதற்கு வழி சொல்லவில்லை.

போனில் கேட்கப்படும் கேள்விகளில் பாதி சாப்பாட்டைப் பற்றி. பெற்றோர் கூட்டத்துக்குப் பீட்சா வாங்கலாமா? பெற்றோர் பங்கேற்பு என்பது டைட்டில் ஒன்னில் சட்டம் கேட்கும் வேலை. ஐந்து லட்சம் டாலருக்கு மேல் வாங்கும் மாவட்டம் அதற்கென்று ஒரு சதவீதம் ஒதுக்கியே ஆக வேண்டும். மாலை ஆறு மணிக்கு, வேலையிலிருந்து நேராக, பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வரும் தாய்க்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்தால்தான் கூட்டம் நடக்கும். அதற்குச் சிற்றுண்டி கொடுக்கலாம். அதே பணத்தில் ஆசிரியர் கூட்டத்துக்கு மதியச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் கூடாது. “அப்படியானால் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஆசிரியர் பீட்சா எடுத்தால்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இவர் அதற்குப் பதிலே எழுதவில்லை.

செப்டம்பர் மாதம் வேறு விதமான கேள்விகள். ஜூலை 1 அன்று கிடைக்கும் மானியத்தை அடுத்த ஆண்டு செப்டம்பர் 30 வரை செலவுக்கு ஒப்புக்கொடுக்கலாம். மேரிலாந்து செனட்டர் ஜோசப் டைடிங்ஸ் பெயரால் வழங்கும் திருத்தம் அதற்கு மேல் இன்னும் 12 மாதம் தருகிறது. ஆக 27 மாதம். இருந்தும் கடைசி வாரத்தில்தான் எல்லோருக்கும் ஞானம் வரும். எது எந்த நாளில் செலவானதாகக் கணக்கு என்பதில்தான் சூட்சுமம். கம்ப்யூட்டர் என்றால் ஆர்டர் போட்ட நாள், பெட்டி அக்டோபரில் வந்தாலும் பரவாயில்லை. ஆசிரியர் சம்பளம் என்றால் அவர் வேலை செய்த நாள். பயணம் என்றால் பயணம் போன நாள். அக்டோபர் மாநாட்டுக்குச் செப்டம்பரிலேயே டிக்கெட் எடுத்துவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லும் மாவட்டத்துக்கு, அந்தச் செலவு செல்லாது என்று சொல்வது மிகவும் கசப்பான வேலை.

எந்தப் பள்ளிக்குப் பணம் என்ற கேள்வி இன்னும் கசப்பானது. மாவட்டத்துக்குள் பள்ளிகளை வறுமை விகிதப்படி வரிசைப்படுத்தி, 75 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றுக்கு முதலில் கொடுக்க வேண்டும். விகிதத்தை அளக்க வழக்கமான அளவுகோல், இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்கு விண்ணப்பித்த பிள்ளைகளின் எண்ணிக்கை. தொடக்கப் பள்ளியில் சிக்கல் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் பதினைந்து வயதுப் பையன் அந்த விண்ணப்பத்தை வீட்டுக்கே கொண்டுபோக மாட்டான். கூட்டாளிகள் பார்த்துவிடுவார்கள். ஒரே தெருப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் ஏழைகள், பத்தாம் வகுப்பில் பணக்காரர்கள் ஆகிவிடுவார்கள். இதைச் சரிக்கட்டச் சட்டத்திலேயே ஒரு வழி உண்டு. எந்தத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் அங்கே வருகிறார்களோ அவற்றின் விகிதத்தையே உயர்நிலைப் பள்ளிக்கும் எடுத்துக்கொள்ளலாம். இவர் போன இடமெல்லாம் சொன்னது இதைத்தான். பல மாவட்டங்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

2010இல் வந்த பள்ளி உணவுச் சட்டத்தில், ஏழைகள் மிகுதியாக உள்ள பள்ளிகள் யாரிடமும் விண்ணப்பம் வாங்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு போடலாம் என்று வந்தது. 2014இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளுக்கு நல்ல காலம். மானியப் பிரிவுக்குத்தான் தலைவலி, விண்ணப்பம் இல்லாவிட்டால் ஏழை யார் என்று எப்படி எண்ணுவது? உணவு உதவி போன்ற திட்டங்களில் ஏற்கெனவே பெயர் உள்ள பிள்ளைகளை எண்ணி, அதை 1.6ஆல் பெருக்கு என்று ஒரு வழி சொன்னார்கள். தமிழ்நாட்டில் பிறந்தவருக்குச் சத்துணவைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா? எல்லோருக்கும் சாப்பாடு போடுவதில் இவ்வளவு கணக்கா என்று அந்த ஆண்டு முழுக்கச் சிரித்துக்கொண்டே பெருக்கியிருக்கிறார்.

தனியார் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் இந்தப் பணத்தில் பங்கு உண்டு. பணமாகக் கொடுக்காமல், அரசுப் பள்ளி ஆசிரியரை அனுப்பிப் பாடம் நடத்த வேண்டும். அவற்றில் நிறைய கத்தோலிக்கப் பள்ளிகள். அரசு ஆசிரியர் மதப் பள்ளிக்குள் நுழைந்து பாடம் நடத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியூயார்க் நகரம் என்ன செய்தது தெரியுமா? பள்ளிக்கு வெளியே தெருவில் வேனை நிறுத்தியது. பிள்ளைகள் வகுப்பிலிருந்து எழுந்து, வாசலைத் தாண்டி, வேனுக்குள் ஏறிக் கணக்குப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். வேன், வாடகை இடம், கம்ப்யூட்டர், போக்குவரத்து என்று 1986 முதல் 1994 வரை மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் செலவு. 1997இல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, ஆசிரியர் உள்ளேயே போகலாம் என்றது. இவர் சேர்ந்தபோது வேன்கள் போய்விட்டன. ஆனால் தனியார் பள்ளி வகுப்பறையில் அரசு ஆசிரியர் உட்காரும் மேசைக்கும், அங்கே வைக்கும் லேப்டாப்புக்கும் மாவட்டத்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது இவருடைய சோதனைப் பட்டியலில் கடைசி வரை இருந்தது. பொருளின் உரிமை எப்போதும் அரசிடம்தான் இருக்க வேண்டும்.

கொரோனா வந்தபோது எல்லாம் தலைகீழ். 2020 மார்ச்சில் பள்ளிகளுக்கு 1,320 கோடி டாலர், டிசம்பரில் 5,430 கோடி, 2021 மார்ச்சில் ஏறத்தாழ 12,200 கோடி. ஓராண்டில் பத்து ஆண்டு டைட்டில் ஒன் வந்து குவிந்தது. பிரித்ததும் டைட்டில் ஒன் விகிதப்படிதான். அதுவரை ஆண்டுக்கு எண்பதாயிரம் டாலரை எப்படிச் செலவழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த ஊருக்கு, லட்சக்கணக்கில் வந்தது. காற்றோட்டக் கருவி போடலாம், ஆசிரியர் நியமிக்கலாம், பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்கக் கடைசித் தொகையில் குறைந்தது 20 சதவீதத்தைச் செலவழிக்க வேண்டும். இருந்த ஆட்களை வைத்துக்கொண்டே இதையும் பார்த்தார்கள். “ஆசிரியரை நியமிக்காதீர்கள், 2024 செப்டம்பரோடு பணம் நின்றுவிடும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கேட்டவர்கள் கட்டடத்தைச் சரி செய்தார்கள். கேட்காதவர்கள் பிறகு ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். யார் செய்தது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு ஆசிரியர் இருந்தார்களே” என்கிறார்.

கட்டட வேலைகள் இழுத்துக்கொண்டு போனதால், மீதிப் பணத்தைப் பெற 2026 மார்ச் வரை பல மாநிலங்களுக்கு நீட்டிப்பு கொடுத்திருந்தார்கள். 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. வாஷிங்டன் நேரப்படி மாலை 5:03க்கு ஒரு கடிதம் வந்தது. நீட்டிப்பு ரத்து, கெடு இன்று மாலை 5:00 மணியோடு முடிந்துவிட்டது என்று அதில் இருந்தது. மூன்று நிமிடம் முன்னால் முடிந்துபோன கெடு. வழக்குப் போட்ட மாநிலங்களுக்கு மே மாதம் நீதிமன்றத் தடை கிடைத்தது. அதே மார்ச்சில் மத்தியக் கல்வித்துறை தன் ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் குறைப்பதாக அறிவித்திருந்தது. சந்தேகம் கேட்க இவர் கூப்பிடும் எண்களில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. ஜூலை 1 வந்தது. புலம்பெயர் விவசாயத் தொழிலாளர் பிள்ளைகள், ஆங்கிலம் கற்போர், ஆசிரியர் பயிற்சி, பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வகுப்புகள் உள்ளிட்டவற்றுக்கான சுமார் 680 கோடி டாலரைப் பரிசீலனை என்று சொல்லி நிறுத்தி வைத்தார்கள். முதல் நாள் வந்த சிறு மின்னஞ்சல்தான் தகவல். அந்த மாத இறுதிக்குள் விடுவித்துவிட்டார்கள். ஆனால் ஆகஸ்டில் திறக்கும் பள்ளிக்கு ஜூலையில் ஆள் எடுக்க வேண்டும் என்பது மாவட்டங்களுக்குத் தெரியும். சிலர் காத்திருந்தார்கள், சிலர் நியமன உத்தரவைக் கிழித்தார்கள்.

இப்போது விவாதம் வேறு திசையில் போகிறது. இத்தனை விதிகள் எதற்கு, பணத்தை மொத்தமாக மாநிலத்திடம் கொடுத்துவிடலாமே என்கிறார்கள். 2026 நிதியாண்டுக்கான முன்மொழிவில் 18 திட்டங்களை ஒரே மானியமாக்கி, அதற்கு 200 கோடி டாலர் போட்டார்கள். விதிகளோடு வாழ்ந்து சலித்தவர் ஆயிற்றே, இவர் வரவேற்பார் என்று நினைத்தால் தலையை ஆட்டுகிறார். 1981இல் ரேகன் காலத்தில் இதையே ஒரு தடவை செய்தார்கள். இருபத்தைந்துக்கும் மேற்பட்ட சிறு திட்டங்களைக் கலைத்து, ‘சாப்டர் டூ’ என்று ஒரே மானியமாக்கினார்கள். இனப் பாகுபாட்டை ஒழிக்க முயன்ற நகர மாவட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்த பணமும் அதில் கரைந்தது. படிவம் குறைந்தது, உண்மைதான். ஆண்டுக்காண்டு தொகையும் குறைந்தது. எந்தப் பிள்ளைக்கு என்று பெயர் இல்லாத பணத்துக்காக நாடாளுமன்றத்தில் வாதாட ஆள் இருக்காது என்பது இவர் கணிப்பு. கடைசியில் அது வேறு பெயரில் கொஞ்ச காலம் உயிரோடு இருந்து ஓய்ந்தது. நீச்சல்குளம் கட்டிய காலத்தைப் படித்தவர்கள் மாநிலத்தை நம்பு என்று சொல்ல மாட்டார்கள், மாநிலத்தில் வேலை பார்த்த தானே சொல்ல மாட்டேன் என்கிறார்.

அதற்குப் பதிலாக இவர் கேட்பது ஒன்றுதான். விதிகள் இருக்கட்டும், அவற்றைப் படிக்க ஓர் ஆளைக் கொடுங்கள். முன்னூறு பிள்ளைகள் உள்ள மாவட்டம் தனியாக மானியக் கணக்கர் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் பத்து மாவட்டங்கள் சேர்ந்தால் முடியும். நியூயார்க்கில் இப்படி மாவட்டங்கள் பகிர்ந்துகொள்ளும் 37 கூட்டுறவு வாரியங்கள் இருக்கின்றன, டெக்சஸில் 20 வட்டாரச் சேவை மையங்கள், அயோவாவில் 9. அங்கெல்லாம் சின்ன ஊர்க் கணக்கர் போனை எடுத்தால், வாஷிங்டன் எடுக்காவிட்டாலும், பக்கத்து ஊரில் ஒருவர் எடுப்பார். இந்த அமைப்பு இல்லாத மாநிலங்கள் இதைத் தொடங்குவதற்குப் புதிய மத்தியச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.